ஸ்டோன்ஹெஞ்சில் ஜூன் 21 விடியல்: சூரியன் சிக்கியது, கல் சிக்கவில்லை

செந்தில்_ரெடிங் | 23 ஜூன் 2025, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை இரவு முழுக்க, இங்கிலாந்தின் பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சில் கண்விழித்துக் கிடந்து, சனிக்கிழமை விடியலைப் படமெடுத்துவிட்டு வந்தேன். இரண்டு நாளாக ஃபைல்களைத் திறக்கவே மனம் வரவில்லை. இன்று திறந்தேன். 212 ஃபிரேம், ஒன்றுகூடத் தேறாது. எங்கே சொதப்பினேன் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நடந்தது இதுதான். வழக்கமான நாட்களில் அங்கே கயிறு கட்டிய பாதையில் சுற்றி வரலாம், அவ்வளவுதான். கோடைக் கதிர்த்திருப்பம், அதாவது சூரியன் வடக்கு எல்லைக்குப் போய்த் திரும்பும் நாள், அந்த இரவில் சாயங்காலம் ஏழு மணியிலிருந்து மறுநாள் காலை எட்டு வரை கல்வட்டத்துக்குள்ளேயே விடுகிறார்கள். நுழைவு இலவசம், காருக்குத்தான் காசு. எனக்குக் கார் வேண்டாம் என்று ரயிலில் சாலிஸ்பரி போய், அங்கிருந்து பஸ் பிடித்தேன். பஸ்ஸுக்கே ஒன்றரை மணி நேர வரிசை. உள்ளே போகும்போது பத்தரை ஆகிவிட்டது.

இரவு நன்றாகத்தான் போனது. மேளம் நிற்கவே இல்லை. கல்லில் கன்னத்தை வைத்துக்கொண்டு ஒரு அம்மா அரை மணி நேரம் அப்படியே நின்றார். நானும் கையை வைத்துப் பார்த்தேன். தூரத்தில் வழவழவென்று தெரியும் அந்தக் கல், கிட்டே போனால் நம் ஊர் உப்புத்தாள் மாதிரி. மேலெல்லாம் சாம்பலும் பச்சையுமாகக் கல்பாசி, ஓர் இடத்தில் மஞ்சளாக ஒரு ரூபாய்க் காசளவு வட்டம்.

மூன்று மணிக்கே நடுவில் இடம் பிடித்துவிட்டேன். அங்கிருந்து வடகிழக்கே பார்த்தால் கல்வட்டத்தின் இடைவெளி வழியாக, வெளியே தனியாக நிற்கும் ஹீல் ஸ்டோன் என்ற கல் தெரியும். சூரியன் அதன் தலையில் வந்து உட்காரும், வாழ்த்து அட்டைகளில் இருக்கும் அந்தப் படத்தை நாமும் எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். நான்கரைக்குக் கூட்டம் நெருக்கியது. முக்காலியின் ஒரு காலை யாரோ மிதித்து மடக்கினார்கள், சரி என்று அதைச் சுருட்டிப் பையில் போட்டேன். 4:52-க்கு உதயம் என்றிருந்தது. அடிவானத்து மரங்களைத் தாண்டி உண்மையில் வெளிச்சம் எட்டிப் பார்த்தது சில நிமிடம் கழித்துத்தான். அந்த நொடியில் எனக்கு முன்னால் இருந்த அத்தனை பேரும் போனைத் தூக்கினார்கள். நேர் முன்னால் நின்றவர் தலையில் மான்கொம்பு வேறு.

இப்போது என் படங்களில் இருப்பவை: போன் திரைகள், மான்கொம்பு, ஒரு அக்குளின் இடைவெளியில் சூரியன். ஹீல் ஸ்டோன் ஒரு படத்திலும் இல்லை. வானம் வேறு துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. மேகத்தின் மேல் பழி போடவும் வழியில்லை.

கேமரா ஃபுல் ஃபிரேம். லென்ஸ் 24-70, 70-200 மி.மீ. (எண் கூடக் கூடத் தூரத்துக் காட்சி கிட்ட வரும்).


கண்மாய்க்கரை | 23 ஜூன், இரவு 10:25

தம்பி, முதலில் ஒரு ஆறுதல். அந்த வாழ்த்து அட்டைப் படத்தைக் கதிர்த்திருப்பத்தன்று கூட்டத்துக்குள் நின்று யாரும் எடுக்கவில்லை. ஆள் இல்லாத விடியல் படம் என்றால், பொதுமக்கள் நேரத்துக்கு வெளியே அனுமதி வாங்கிப் போனவர் எடுத்ததாக இருக்கும். இல்லையென்றால் இரண்டு படத்தை ஒட்டியது. 2025-ல் அந்த இரவுக்கு வந்தவர்கள் ஏறக்குறைய 25,000 பேர் என்று செய்தியில் பார்த்தேன். அத்தனை பேரும் ஆசைப்பட்ட அதே பத்தடியில் நீயும் நின்றிருக்கிறாய்.

இரண்டாவது, 4:58-லிருந்து 5:20 வரை நீ எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாய்? வடகிழக்கு என்றால் அதுதான் தப்பு. அந்த இருபது நிமிடமும் வெளிச்சம் உன் முதுகுப் பக்கம் விழுந்துகொண்டிருந்தது. சூரியனைப் பார்த்து நிற்கிற 25,000 முகம், அவர்களுக்குப் பின்னால் செம்மண் நிறத்துக்கு மாறுகிற கல். யாராவது திரும்பி நின்றிருந்தால் அத்தனையும் அவருக்குத்தான்.

212 ஃபிரேமில் கடைசி முப்பதை மறுபடி பார். களைத்துப்போய்க் கையைத் தளர விட்ட பிறகு எடுத்தவை.


நிலாச்சோறு | 23 ஜூன், இரவு 11:50

செந்தில், அண்ணன் சொன்னது சரி. ஆனால் கூட்டமே இல்லாவிட்டாலும் நீங்கள் போட்ட கணக்கு தப்பாகத்தான் போயிருக்கும். அதையும் சொல்லிவிடுகிறேன், அடுத்த முறைக்கு ஆகும்.

சூரியன் ஹீல் ஸ்டோனின் தலையில் உதிப்பதில்லை. நடுவிலிருந்து பார்த்தால் முதல் கீற்று கல்லுக்குச் சற்று இடப்பக்கம்தான் தெரியும். கொஞ்சம் மேலே ஏறி, வலப்பக்கம் நகர்ந்த பிறகுதான் கல்லுக்கு மேல் வரும். இன்னொரு விஷயம், அந்தக் கல் ஒற்றையாகவும் இருந்திருக்கவில்லை. 1979-ல் சாலையோரம் கேபிள் பதிக்கத் தோண்டியபோது பக்கத்திலேயே இன்னொரு கல் நின்ற குழி கிடைத்தது. இரண்டும் சேர்ந்து வாசற்கால் மாதிரி, நடுவில் சூரியன் என்று பலர் நினைக்கிறார்கள். வட்டத்தின் பெரிய கற்களை நிறுத்தியது கி.மு. 2500 வாக்கில். அப்போது பூமியின் அச்சுச் சாய்வு இன்றைக்கு இருப்பதைவிட அரை டிகிரி அதிகம். அந்த அட்சரேகையில் அது உதயப் புள்ளியை ஏறக்குறைய ஒரு டிகிரி, அதாவது இரண்டு சூரிய அகலம், இன்னும் இடப்பக்கம் தள்ளும். கட்டியவர்களே ‘கல்லின் தலையில் சூரியன்’ என்று திட்டமிடவில்லை என்பதற்கு இதுவே போதும்.

அடுத்தது சாய்வு. நீங்கள் சென்னைக்காரர் என்றால் இது உங்களைக் கண்டிப்பாக ஏமாற்றியிருக்கும். நம் கடற்கரையில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக எழும்பும், அடிவானத்தோடு 76 டிகிரிச் சாய்வு. விளிம்பு தெரிந்து முழு வட்டம் வர இரண்டரை நிமிடம்கூட ஆகாது. ஸ்டோன்ஹெஞ்ச் இருப்பது 51 டிகிரி வடக்கே. அங்கே சூரியன் 32 டிகிரிச் சாய்வில், தரையோடு தரையாக வலப்பக்கம் வழுக்கிக்கொண்டே ஏறும். முழு வட்டம் வர நாலரை நிமிடம். அதற்குள் பக்கவாட்டில் ஒன்றரைச் சூரிய அகலம் நகர்ந்துவிடும். ஒரே இடத்தில் நின்று ‘இதோ வருகிறது’ என்று காத்திருந்தால், வந்து சேர்வது வேறு இடத்தில்.

இதில் நல்ல செய்தியும் உண்டு. வெளிச்சம் மெதுவாகத்தான் மாறும். நம் ஊரில் உதயத்துக்கு முந்தைய நல்ல வெளிச்சம் 24 நிமிடத்தில் தீர்ந்துவிடும், அங்கே முக்கால் மணி நேரம் கிடைக்கும். ஜூனில் அங்கே முழு இருட்டே கிடையாது. நடு இரவிலும் சூரியன் அடிவானத்துக்குக் கீழே பதினைந்து டிகிரி ஆழத்தில்தான் இருக்கும். வடக்கே ஒரு வெளிறிய கோடு இரவெல்லாம் தெரிந்திருக்குமே, கவனித்தீர்களா?


செந்தில்_ரெடிங் | 24 ஜூன், காலை 7:15

அக்கா, கவனித்தேன்! ஏதோ ஊரின் தெருவிளக்கு வெளிச்சம் என்று நினைத்துக்கொண்டேன். நேரம் ஆக ஆக அது வடக்கிலிருந்து வடகிழக்குக்கு நகர்ந்தது. இரண்டு மணிக்குப் பிறகு கிழக்கே தேய்பிறைக் கீற்று வேறு. அப்போதே கேமராவை வெளியே எடுத்திருக்கணும். இடம் போய்விடுமே என்று அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

பூர்வீகம் திருவண்ணாமலை. ஆனாலும் நீங்கள் சொன்ன ஏமாற்றம் அப்படியே நடந்தது.


35எம்எம்_பித்தன் | 24 ஜூன், காலை 8:02

எதற்கு ப்ரோ இவ்வளவு கஷ்டம்? பகலில் டிக்கெட் எடுத்துப் போய்க் கல்லை எடுங்கள், வேறொரு நாள் சூரியனை எடுங்கள், மாஸ்க் போட்டு ஒட்டுங்கள், பத்து நிமிட வேலை. இன்ஸ்டாவில் ஒருத்தருக்கும் தெரியாது.


கண்மாய்க்கரை | 24 ஜூன், காலை 8:30

தெரியும். நேற்று நீ போட்ட மகாபலிபுரம் படத்தில் சூரியன் தென்கிழக்கில் உதிக்கிறது, தலைப்பில் ஜூன் என்று எழுதியிருக்கிறாய்.


35எம்எம்_பித்தன் | 24 ஜூன், காலை 8:34

😂 சரண்டர்ணா


நிலாச்சோறு | 24 ஜூன், காலை 9:10

அது ஜனவரி வானம், நானும் பார்த்தேன், சொல்லவில்லை. ஜூன் 21-ல் கடற்கரைக் கோயிலில் சூரியன் வருவது நேர்க் கிழக்கிலிருந்து 24 டிகிரி வடக்கே தள்ளி. ஸ்டோன்ஹெஞ்சில் ஏறக்குறைய 40 டிகிரி தள்ளி, கிட்டத்தட்ட வடகிழக்கிலேயே வரும்.

ஒட்டுவதைத் திட்டவில்லை. ஒட்டினால் ஒட்டியது என்று எழுதிவிட்டால் தீர்ந்தது. ஆனால் இந்த இடத்தில் ஒட்டுவது வேறு கணக்கு. அங்கே கல் நிற்கிற திசைதான் சங்கதியே. சூரியனை இரண்டு டிகிரி தள்ளி ஒட்டினால் படம் அழகாக இருக்கலாம், ஆனால் 4500 வருடத்துக்கு முந்தைய ஒருவர் குச்சி நட்டுப் பார்த்துக் குறித்த கோடு போய்விடும்.


வல்வையூரான் | 24 ஜூன், பிற்பகல் 1:05

நான் லண்டனில் இருக்கிறன், இந்த இரவுக்கு மூன்று தரம் போயிருக்கிறன். ஒரு முறை விடிய விடிய மேகம். சூரியன் வந்ததா இல்லையா என்று ஒருவருக்கும் தெரியாது, ஆனால் நேரம் ஆனதும் எல்லோரும் கத்தினார்கள். சிரிப்பாகவும் இருந்தது, ஏனோ கண்ணும் கலங்கிவிட்டது. அன்றைக்கு எடுத்த படங்கள்தான் இன்னும் சுவரில் தொங்குது. மேகம் என்றபடியால் நிழலே இல்லாத மெல்லிய வெளிச்சம், முகங்கள் எல்லாம் வடிவாக வந்திருந்தன.

தம்பி செந்தில், கூட்டத்தைக் குறை சொல்ல வேண்டாம். அந்தக் கூட்டம் அங்கே வந்து நிற்பதே ஒரு கதை. 1974-ல் இருந்து பத்து வருடம் அங்கே ஜூன் மாதத்தில் இலவசத் திருவிழா நடந்தது. 1985-ல் அதைத் தடை செய்தார்கள். அந்த வருடம் ஜூன் 1-ம் தேதி வண்டிகளில் வந்தவர்களைப் பொலிஸ் மறித்து அடித்து, ஐந்நூறுக்கு மேற்பட்டோரைக் கைது செய்தது. பிறகு பல வருடம் கல்லைச் சுற்றி நாலு மைல் தூரத்துக்கு ஆட்கள் கிட்டவும் வரேலாது. 1999-ல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையின் நீதிபதிகள், பொதுச் சாலையில் அமைதியாகக் கூடி நிற்பது குற்றம் இல்லை என்று தீர்ப்புச் சொன்னார்கள். 2000-ல் இருந்துதான் இப்போதைய ஏற்பாடு. அந்த மான்கொம்புக்காரருக்கு அறுபது வயசுக்கு மேலே என்றால், அவர் அந்த நாட்களில் வெளியே நின்றவராகவும் இருக்கலாம். ஒரு வார்த்தை கதைத்திருந்தால் முன்னுக்கு விட்டிருப்பார்.

ஒன்று மட்டும் கவனம். புல்லில் படுத்து நித்திரை கொள்கிற ஆட்களைக் கேட்காமல் கிட்டப் போய் எடுக்காதீர்கள். பார்க்கச் சகிக்காது.


செந்தில்_ரெடிங் | 24 ஜூன், மாலை 6:50

அண்ணே, மான்கொம்புக்காரருக்கு அறுபதுக்கு மேல்தான் இருக்கும். ஐந்தரை மணிக்கு அவர்தான் பிளாஸ்கிலிருந்து எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அதை முதல் பதிவில் எழுதாமல் விட்டுவிட்டேன், மன்னிக்கணும்.

கண்மாய்க்கரை அண்ணன் சொன்னபடி கடைசி முப்பதைப் பார்த்தேன். 187-வது ஃபிரேம், நேரம் 5:13. நிச்சயம் நான் உணர்ந்து எடுத்ததில்லை, திரும்பி வெளியே போக வழி தேடும்போது அமுக்கியிருக்கிறேன். ஒரு பெரியவர் தோளில் குழந்தையை உட்கார வைத்திருக்கிறார். குழந்தை சூரியனைப் பார்க்கவில்லை, பக்கத்துக் கல்லில் விழுந்த தன் நிழலைப் பார்த்துக் கையை ஆட்டுகிறது. நிழலும் கையை ஆட்டுகிறது. கல் முழுக்க ஆரஞ்சு. வலது மூலையில் ஒரு போன் திரை, அதில் சூரியன் சின்னதாக.

கொஞ்சம் அசைந்திருக்கிறது. ஷட்டர் 1/60 நொடி, எனக்கே வெட்கமாக இருக்கிறது.


கண்மாய்க்கரை | 24 ஜூன், மாலை 7:05

போடு அந்தப் படத்தை. அசைந்ததெல்லாம் அப்புறம்.


35எம்எம்_பித்தன் | 24 ஜூன், இரவு 7:40

ப்ரோ இதை வைத்துக்கொண்டா தேறாது என்றீர்கள்????


வல்வையூரான் | 24 ஜூன், இரவு 8:20

அந்த நிழலின் கை! அருமை தம்பி.


கண்மாய்க்கரை | 24 ஜூன், இரவு 9:00

பார்த்தேன். மூலையில் இருக்கும் போனை வெட்டிவிடாதே. அதில் இருக்கும் சூரியன்தான் படத்தில் இருக்கிற ஒரே சூரியன்.

சரி, எக்ஸ்போஷர், அதாவது எவ்வளவு வெளிச்சம் உள்ளே விடுவது என்பது பற்றி யாரும் பேசவில்லை, நான் சொல்லிவிடுகிறேன். சூரியனைப் பார்த்து எடுக்கும்போது பிராக்கெட்டிங் செய்து (ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்ச அளவில் அடுத்தடுத்து எடுத்து) பிறகு ஒரே எச்டிஆர் படமாக ஒட்டலாம் என்று பலர் போவார்கள். அந்தக் கூட்டத்தில் அது வேலைக்கு ஆகாது. ஐந்து ஃபிரேமுக்குள் ஐந்நூறு கை அசைந்திருக்கும், ஒட்டினால் எல்லோருக்கும் ஆறு விரல். கேமரா மெருகேற்றாத ஒரே ரா ஃபைல், மீட்டர் சொல்வதைவிட ஒன்றரை அல்லது இரண்டு ஸ்டாப் குறைவு (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதி). ஹிஸ்டோகிராமில், அதாவது கேமரா காட்டும் வெளிச்ச வரைபடத்தில், வலது ஓரம் சுவரில் முட்டாமல் பார்த்துக்கொள், சூரியத் தட்டு மட்டும் வெளுத்தால் வெளுக்கட்டும். நிழலை இப்போதைய கேமராக்களில் தாராளமாகத் தூக்கலாம், வெளுத்துப்போன வானத்தை ஒன்றும் செய்ய முடியாது.

கதிர் நட்சத்திரமாக விரியணும் என்றால் லென்ஸ் துவாரத்தைச் சுருக்கி எஃப்/16. சூரியன் முழுசாக வெளியே இருக்கும்போது அல்ல, கல்லின் விளிம்பில் பாதி மறைந்து நிற்கும்போது. லென்ஸ் முன்னால் யூவி ஃபில்டர் இருந்தால் கழற்று, இல்லாவிட்டால் பச்சைப் பொட்டு படம் முழுக்க ஆடும். 200-ல் வைத்துச் சூரியனை நேராகப் பார்க்கிறாய் என்றால் லைவ் வியூவில், அதாவது கேமராவின் திரையில் மட்டும் பார். கண்ணாடி வியூஃபைண்டர் வழியாகப் பார்த்தால் சுடுவது கண்ணைத்தான். விடியலில் சிவப்பாக இருக்கும்வரை ஒன்றும் ஆகாது என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். சிவப்பு எந்த நிமிடம் முடிகிறது என்று கண்ணுக்கு யார் மணி அடிப்பார்கள்?

அளவும் தெரிந்துகொள். ஃபோகல் லெங்தை (லென்ஸில் இருக்கும் அந்த மி.மீ. எண்ணை) 110-ஆல் வகுத்தால் சென்சாரில் சூரியன் எத்தனை மில்லிமீட்டர் என்று கிடைக்கும். 24-ல் வைத்தால் கால் மில்லிமீட்டர்கூட இல்லை, கடுகு. 200-ல் 1.8 மில்லிமீட்டர். வைட் லென்ஸில் சூரியன் பெரிசாக வரவில்லை என்று வருடத்துக்குப் பத்துப் பேர் இங்கே வந்து அழுகிறார்கள்.


நிலாச்சோறு | 24 ஜூன், இரவு 9:45

அதையே கல்லுக்கும் போட்டுப் பாருங்கள். ஹீல் ஸ்டோன் உயரம் 4.7 மீட்டர், வட்டத்தின் நடுவிலிருந்து 77 மீட்டர் தூரம். அங்கிருந்து பார்த்தால் கல் மூன்றரை டிகிரி உயரம், சூரியன் அரை டிகிரி. கல்லுக்கு முன்னால் சூரியன் ஒரு எலுமிச்சம்பழம். சூரியனும் கல்லும் ஒரே அளவில் வரணும் என்றால் கல்லிலிருந்து அரைக் கிலோமீட்டருக்கு மேல் பின்னால் போகணும்.

இன்னொன்று, இது செந்திலுக்கு. கதிர்த்திருப்பம் என்றால் ஒரே நாள் என்று நினைக்காதீர்கள். சூரியன் அந்த எல்லையில் வந்து திரும்புவதற்கு முன் நின்று நிதானிக்கும். ஜூன் 17-லிருந்து 25 வரை எந்த நாள் போனாலும் உதயப் புள்ளி பத்தில் ஒரு டிகிரிக்கு மேல் விலகாது. கேமராவுக்கு அது வித்தியாசமே இல்லை. உள்ளே விடமாட்டார்கள், ஆனால் மேற்கே ஓரமாக ஒரு பொது மண்பாதை போகிறது. வடக்கே இருக்கும் லார்க்ஹில் ஊரில் இருந்து தெற்கே நடந்து வந்தால் வேலிக்கு வெளியிலிருந்து கல் முழுசாகத் தெரியும். இன்னும் ஒரு காலை மிச்சம் இருக்கிறது.


35எம்எம்_பித்தன் | 24 ஜூன், இரவு 10:10

அக்கா ஒரு டவுட். நம்ம பஞ்சாங்கத்தில் தட்சிணாயனம் ஆடி ஒன்றுக்குத்தானே? அது ஜூலை பாதி ஆகிவிடுமே.


நிலாச்சோறு | 24 ஜூன், இரவு 10:30

நல்ல கேள்வி தம்பி. நம் மாதங்கள் நட்சத்திர ராசியை வைத்து ஓடுகின்றன, கதிர்த்திருப்பம் பூமியின் சாய்வை வைத்து. பூமியின் அச்சு பம்பரம் மாதிரி மெல்லத் தலை ஆட்டுவதால் இரண்டும் நூற்றாண்டுக் கணக்கில் விலகிக்கொண்டே போகின்றன. இப்போது இடைவெளி 25 நாள் வாக்கில். சூரியன் வடக்கே போய்த் திரும்புவதைக் கண்ணால் பார்க்கணும் என்றால் ஆனியிலேயே மொட்டை மாடிக்குப் போ.


வல்வையூரான் | 24 ஜூன், இரவு 10:55

இந்த இடத்தில் எனக்கு ஒரு பழைய வாதம் இருக்கு. இடிந்த கோயில், தொடாத பழமை என்று படத்துக்குக் கீழே எழுதுவார்கள். நாங்கள் பார்க்கிற கல்லில் கன பேர் கை வைத்திருக்கிறார்கள். 1797 ஜனவரியில் ஒரு முழு வாசல், இரண்டு தூணும் மேல் கல்லும், சரிந்து விழுந்தது. 1958-ல் கிரேன் வைத்துத் தூக்கி நிறுத்தினார்கள். உயரமான அந்த ஒற்றைக் கல் 1901 வரை சாய்ந்து நின்றது, அதையும் நிமிர்த்தினார்கள். 1963-ல் இன்னொரு கல் விழ, அடுத்த வருடம் நிறுத்திக் கொங்கிரீட் போட்டார்கள். ஆகவே நூற்றைம்பது வருடத்துக்கு முந்தின புகைப்படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் வைத்தால் வேறு இடம் மாதிரி இருக்கும். கூட்டத்தை அழித்துவிட்டு ‘ஆதி காலக் காட்சி’ என்று போடுகிறவர்களிடம் நான் இதைத்தான் கேட்கிறது.

அந்த இடத்தை ஒரு தனி ஆள் 1915-ல் ஏலத்தில் 6,600 பவுணுக்கு வாங்கினார் என்பதும் தெரியும்தானே. மூன்று வருடத்தில் நாட்டுக்கே கொடுத்துவிட்டார்.


கண்மாய்க்கரை | 24 ஜூன், இரவு 11:15

1906-ல் ராணுவ பலூனில் போய் மேலிருந்து எடுத்த படத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் ஒரு தொல்லியல் இடத்தை ஆகாயத்திலிருந்து எடுத்த முதல் படங்கள் அவை. புல்லில் தேய்ந்த வண்டித்தடங்கள் கல்லுக்குப் பக்கத்திலேயே கோடு கோடாகப் போகும், கற்களுக்கு முட்டுக் கொடுத்த மரங்கள்கூடத் தெரியும். இன்றைக்கு அங்கே ட்ரோன் பறக்கவிட்டால் பிடித்துக்கொண்டு போவார்கள். பலூன்காரர் கொடுத்து வைத்தவர்.


நிலாச்சோறு | 24 ஜூன், இரவு 11:40

தூங்கப் போகுமுன் ஒன்று. ஆராய்ச்சியாளர்களில் பலர் அந்த இடத்துக்கு முக்கியமான நாள் ஜூன் அல்ல, டிசம்பர் என்கிறார்கள். அதே கோட்டைத் தென்மேற்குப் பக்கம் நீட்டினால் குளிர்காலக் கதிர்த்திருப்பத்தின் அஸ்தமனம். அருகே டரிங்டன் வால்ஸ் என்ற குடியிருப்பில் கிடைத்த பன்றி எலும்புகளில் பல, ஒன்பது மாத வயதில் வெட்டப்பட்டவை. வசந்தத்தில் பிறந்த குட்டி என்றால் வெட்டியது நடுக்குளிரில். பெரிய விருந்து நடந்திருக்கிறது. ஆனால் இப்போது டிசம்பரிலும் மக்களை உள்ளே விடுவது காலை உதயத்துக்குத்தான், எட்டு மணி வாக்கில். அஸ்தமனம் மாலை நாலு மணி வாக்கில். கல் பார்ப்பது சாயங்காலத்தை, கூட்டம் வருவது காலையில்!


செந்தில்_ரெடிங் | 25 ஜூன், காலை 10:20

போய் வந்துவிட்டேன். அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்பு.

இரண்டரைக்கு நண்பனின் காரில் கிளம்பி, லார்க்ஹில்லில் நிறுத்திவிட்டு மண்பாதையில் நடந்தேன். தலை விளக்கு தேவையே படவில்லை, அக்கா சொன்ன வடக்குக் கோடு போதுமானதாக இருந்தது. ஷூ இரண்டும் பனியில் ஊறிவிட்டன. ஆள் நடமாட்டம் இல்லை. தெற்கே ஏ303 சாலையில் லாரி போகிற சத்தம் மட்டும் விடாமல். அவ்வளவு சத்தம் இருக்கும் என்று எந்தப் படமும் எனக்குச் சொன்னதில்லை.

பாதையில் தென்மேற்காக இறங்கி, கல் முழுசும் வடகிழக்கில் வருகிற இடம் பார்த்து நின்றேன். நடுவில் சில நூறு மீட்டர் புல்வெளி, வேலி. 200-ல் வைத்தேன். கீழ்வானில் மெல்லிய மேகம், அதனால் சூரியன் கண் கூசாமல் செம்பு நாணயம் மாதிரி வந்தது. முதலில் இரண்டு கற்களுக்கு நடுவே தெரிந்து, உடனே வலப்பக்கக் கல்லின் பின்னால் போய் ஒளிந்தது. பழக்க தோஷத்தில் நானும் வலப்பக்கம் ஓடினேன். இன்னும் மறைந்தது! அப்புறம்தான் உறைத்தது, சூரியன் வலமாகப் போனால் நான் இடமாகப் போகணும். நிமிடத்துக்கு ஒரு பெரிய எட்டு வீதம் இடப்பக்கம் நகர்ந்துகொண்டே வந்தேன். அதே இடைவெளியில் சூரியனை நாலு நிமிடம் பிடித்து வைக்க முடிந்தது. எஃப்/11, ஐஎஸ்ஓ 100, இரண்டு ஸ்டாப் குறைவு. கல்லின் உயரத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகச் சூரியன்.

41 ஃபிரேம்தான் எடுத்தேன், அதில் ஆறு சுத்தமாக வந்திருக்கிறது. ஒன்றில் மேல் கல்லின் மீது காகம் மாதிரி ஒரு பறவை.

இரண்டையும் திரையில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், சனிக்கிழமை அசைந்த படமும் இன்றைய சுத்தமான படமும். வீட்டில் மாட்ட ஒன்றுதான் பிரிண்ட் போடப் போகிறேன். எதைப் போடலாம்?


35எம்எம்_பித்தன் | 25 ஜூன், காலை 10:31

இன்றையது. பறவை இருப்பது. யோசிக்கவே வேண்டாம்.


நிலாச்சோறு | 25 ஜூன், காலை 11:05

திசை சரியாக வந்திருக்கிறது, ஒட்டு வேலை இல்லை. எனக்கு இன்றையதுதான். ஆனால் நான் கோணமானி வைத்துக்கொண்டு படம் பார்க்கிற ஆள், என் பேச்சைக் கேட்காதீர்கள்.


வல்வையூரான் | 25 ஜூன், பிற்பகல் 12:40

குழந்தை.


கண்மாய்க்கரை | 25 ஜூன், பிற்பகல் 1:15

குழந்தைதான். பன்னிரண்டுக்குப் பதினெட்டு, மேட் தாள், ஓரத்தில் வெள்ளை விடு. ஷார்ப்பன் செய்கிறேன் என்று அந்த அசைவை நோண்டாதே. அப்புறம் அடுத்த ஜூனில் அந்த மான்கொம்புக்காரரைப் பார்த்தால் அவருக்கும் ஒரு பிரதி கொடு, தேநீர்க் கடன் இருக்கிறது.


செந்தில்_ரெடிங் | 25 ஜூன், பிற்பகல் 1:22

ஆர்டர் போட்டாச்சு அண்ணே. இரண்டு பிரதி.